நோட்டீஸ் ஊருக்கும் போகும்: எங்கள் பதிவுத் திருமண அனுபவம்

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அது ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நானும் அவனும் எம்.எஸ்சி. வகுப்புத் தோழர்கள். நான் இந்து, அவன் கிறிஸ்தவன். யாரும் மதம் மாறப்போவதில்லை என்பது ஆரம்பத்திலேயே பேசி முடித்த விஷயம். ஆக, மதம் மாறாமலே பதிவுத் திருமணம் செய்ய இடம்தரும் சிறப்புத் திருமணச் சட்டம், 1954 என்று முடிவு செய்தோம். எங்கள் வகுப்பிலேயே இன்னொரு ஜோடி உண்டு. சாதி வேறு, மதம் ஒன்று. காலையில் கோயிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்தில் பதிவு செய்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணம் செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஆபீஸ் பலகையில் ஒட்டப்படும் நோட்டீஸும் அவர்களுக்குக் கிடையாது, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று காத்திருப்பும் கிடையாது. அப்படிப்பட்ட நண்பர்களின் கதையைக் கேட்டு நம்பிக் கிளம்பாதீர்கள். மதம் வேறு என்றால் பாதையே வேறு.

காலேஜில் பழகியவர்களுக்கு முதல் அடி முகவரியில்தான் விழும். படிக்கும்போது ஹாஸ்டல், வேலை கிடைத்ததும் பேயிங் கெஸ்ட் விடுதி (பி.ஜி.). ஆதார் மட்டும் சொந்த ஊரிலேயே தங்கிவிடும். எனக்குக் கரூர் பக்கம், அவனுக்கு நாகர்கோவில், இருப்பது சென்னை. பத்திர ஆபீஸில் இருந்தவர் இரண்டு ஆதாரையும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொண்ணு ஊர்ல போய்ப் போடுங்கம்மா" என்றார். பொண்ணு ஊரில் போட முடிந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன்?

சட்டம் கேட்பது அதுவல்ல. இருவரில் ஒருவர், நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் குறைந்தது 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்தால் போதும். பிரிவு 5 அதைத்தான் சொல்கிறது. ஆனால் குடியிருந்ததைக் காட்டக் காகிதம் வேண்டுமே. பி.ஜி. நடத்தும் அக்கா மாத ரசீது தருவார், வாடகை ஒப்பந்தம் என்றதும் பின்வாங்கிவிட்டார். "நாளைக்குப் போலீஸ் கீலீஸ்னு வந்தா நான் எங்கம்மா போவேன்?" கடைசியில் அவன் ஒரு நண்பனோடு சேர்ந்து தனி வீடு எடுத்து, ஒப்பந்தம் போட்டு, அதை வைத்து ஆதார் முகவரியை மாற்றினான். காதல் உறுதி என்றானதும் முதல் வேலையாக யாராவது ஒருவர் இதைச் செய்துவிடுங்கள். மோதிரமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். பாஸ்போர்ட்டில் அதுவே சர்நேம். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயருக்கு அடியில் ஸ்கேலைப் பிடித்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார் ஓர் அம்மா. "இது மூணு பேரு மாதிரி இருக்கே" என்று தீர்ப்பும் சொன்னார். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்ததும் தீர்ந்தது. போகும்போதே அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

கட்டணம், போட்டோ, விண்ணப்பம் எல்லாம் சுலபம். நோட்டீஸ் படிவத்தில் ஒரு கட்டம் வரும், அங்கேதான் கவனம் வேண்டும்: இப்போதைய வசிப்பிடம் நிரந்தரமானதல்ல என்றால் நிரந்தர வசிப்பிடம் எது? நீங்கள் அங்கே எழுதும் ஊர் வேறு மாவட்டம் என்றால், பிரிவு 6இன்படி நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துத் திருமண அலுவலருக்கும் போகும், அங்கேயும் பலகையில் ஒட்டுவார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், நோட்டீஸை வெளியிடுவது ஜோடியின் விருப்பம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். "அது அங்கம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சென்னையில் அந்தப் பலகையை ஒரு ஈகூட நின்று பார்க்கவில்லை. ஊரில் கதையே வேறு. பத்திர ஆபீஸ் வாசலில் உட்காரும் எழுத்தர்களுக்கு அந்தப் பலகைதான் காலை பேப்பர். அதில் ஒருவர் எங்கள் நிலத்துக்குப் பத்திரம் எழுதியவர். அவர் போன் போட்டுத்தான் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. நான் நேரில் போய்ச் சொல்ல வைத்திருந்ததை ஒரு பத்திர எழுத்தர் முந்திக்கொண்டு சொன்னதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நோட்டீஸில் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்குத் தெரிய வேண்டியதை நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆபத்து என்கிற வீடு என்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது.

அப்பா பேசாமல் இருந்தார். பெரியப்பா சென்னைக்கே வந்து ஆட்சேபணை மனு கொடுத்தார். "குடும்பத்தாருக்குச் சம்மதமில்லை", அவ்வளவுதான் மனு. வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், சம்மதம் தெரிவிக்கும் மனநிலை, நெருங்கிய உறவுமுறை என்று பிரிவு 4 சொல்லும் காரணங்களில் ஒன்று இருந்தால்தான் ஆட்சேபணை செல்லும். பெரியப்பாவின் சம்மதம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அலுவலர், "பெரியவங்க எழுதிக் குடுத்திருக்காங்க, பேசி முடிச்சுட்டு வாங்க" என்று கோப்பை மூடி வைத்தார்.

இங்கே சும்மா இருக்கக் கூடாது. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதி. மறுபடி முதலிலிருந்து, மறுபடி ஊருக்கு நகல்! ஆட்சேபணை வந்த 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டியது அலுவலரின் கடமை, மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் வழக்கறிஞர் இதையெல்லாம் பிரிவு எண்ணோடு ஒரே பக்கத்தில் எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்தார்: நியாயமற்ற, நல்லெண்ணமில்லாத ஆட்சேபணை என்று தெரிந்தால் கொடுத்தவருக்கு 1000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம். அந்தக் கடிதத்துக்கு ஒப்புகை முத்திரை வாங்கிய பிறகு கோப்பு தானாக நகர்ந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டபோது பெரியப்பா வரவில்லை. ஆட்சேபணை தள்ளுபடி.

திருமண நாளன்று மூன்று சாட்சிகள். எங்கள் செட் முழுக்க பெங்களூர், கோவை, துபாய் என்று சிதறிக் கிடக்கிறது. பஸ் ஏறி வந்த ஒருவன் அடையாள அட்டையைப் போனில் மட்டும் வைத்திருந்தான். அசல் இல்லாமல் முடியாது என்றுவிட்டார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்த தோழியின் கைப்பையில் அசல் ஆதார் இருந்தது, பிழைத்தோம். மூன்று வேண்டுமென்றால் ஐந்து பேரைக் கூட்டிப் போங்கள்.

கையெழுத்து போட்டால் போதும், கிளம்பலாம் என்றார்கள். நான் விடவில்லை. அலுவலர், சாட்சிகள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும், தெரிந்த எந்த மொழியிலும் சொல்லலாம் என்று பிரிவு 12 இருக்கிறதே! தமிழில்தான் சொல்லுவோம் என்றேன். சலித்துக்கொண்டே எழுந்து நின்றார் அலுவலர். "உன்னை என் சட்டப்படியான கணவனாக ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். "உங்களைன்னு சொல்லும்மா" என்றார் ஸ்கேல் அம்மா. "அவனை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை மேடம்." அலுவலரே சிரித்துவிட்டார்.

சான்றிதழை அச்சடிக்கும் முன் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு அவன் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அங்கேயே திருத்தினார்கள். சான்றிட்ட நகல்களும் அன்றைக்கே இரண்டு மூன்று கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள், விசாவுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.