வார்ட்டு முதலா, மாஸ்டர்ஸ் முதலா: திருகோணமலைத் தாதியர் நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இறுதியாண்டுப் பிள்ளைகளின் கேள்வியும் கூடவே தொடங்கிவிட்டது: "அக்கா, மாஸ்டர்ஸை இப்பவே செய்யிறதா, வேலைக்குப் போய்ப் பிறகு செய்யிறதா, இல்லாட்டி நேரே வெளிநாடா?"

பதில் முதலில் கையிலுள்ள தகைமையைப் பொறுத்தது. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்தவர், அதை மட்டும் வைத்து மாஸ்டர்ஸுக்குப் போக முடியாது. பதிவுபெற்ற தாதியருக்காகத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் நடத்தும் தாதியியல் பட்டம் அவருக்கான வழி. வேலையை விடாமலே படிக்கலாம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் போன்ற இடங்களில் நான்கு வருடப் பட்டம் பெற்றவர் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 6ஆம் மட்டத்தில் நிற்கிறார். அவருக்கு மாஸ்டர்ஸ் கதவு திறந்தே இருக்கிறது. திறந்திருக்கிறது என்பதற்காக உடனே நுழைந்துவிட வேண்டுமா என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

மாஸ்டர்ஸ் என்று ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன. பாடநெறி மட்டும் கொண்ட 9ஆம் மட்டத்துக்கு 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்த 10ஆம் மட்டத்துக்கு 60. பாடநெறியில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. ஆகவே சிறியதற்கே 1500 மணி. நைட் டியூட்டியோடு வாரத்துக்கு 15 மணி ஒதுக்க முடிந்தால் 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். விளம்பரத்தில் "ஒரு வருடம்" என்று இருந்தால், அந்த 1500 மணியை ரோஸ்டருக்குள் எங்கே வைப்பது என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் ஆய்வுள்ளதைத்தான் பார்க்க வேண்டும். அதோடு முதல் பட்டத்தில் முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ இல்லையென்றால் பல்கலைக்கழகப் பக்கம் கடினம். கடைசி இரண்டு செமஸ்டரை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஜூன் 7, சனி

பெயர். எந்தப் பாதையில் போனாலும் அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துவது இதுதான்.

பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். உயர்தரச் சான்றிதழில் அது ஒரு இனிஷியலாகியிருக்கும். அடையாள அட்டையில் தர்ஷினியின் 'த'வுக்கு டி.எச் போட்டிருப்பார்கள், கல்லூரிப் பதிவில் டி.எச்சின் இடத்தில் டி. மட்டும் நின்றிருக்கும். இங்கே யாரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டுத் தாதியர் சபைக்கு அது இரண்டு ஆள்.

செய்ய வேண்டியதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி. அடுத்து, தாதியர் சபையில் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளைக் கொடுப்பது. பழைய சான்றிதழ்களில் வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி. கலியாணத்துக்குப் பிறகு பெயரை மாற்ற நினைப்பவர்கள் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது மாற்ற வேண்டாம். ஒன்றில் முன்பே, இல்லையென்றால் எல்லாம் முடிந்த பிறகு.

கிளினிக்கல் பதிவுப் புத்தகத்தை எறியாதீர்கள். எந்த வார்ட்டில் எத்தனை மணி, எந்தப் பாடத்தில் எத்தனை மணி என்று சில நாடுகள் பிரித்துக் கேட்கும். ஐந்து வருடம் கழித்து அதைக் கல்லூரி அலுவலகத்தில் தேடி எடுப்பதற்கும், இப்போதே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல மாதங்கள்.

ஜூன் 10, பொசன் போயா

எந்த வார்ட்டைக் கேட்பது? நியமனத்தில் புதியவரின் விருப்பம் பெரிதாக எடுபடாது, மேட்ரன் போடுகிற இடம்தான். கேட்க வாய்ப்புக் கிடைத்தால் மெடிக்கல் வார்ட்டைக் கேளுங்கள். ஐ.சி.யூ. பெயரளவில் பெரிது. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் மோசமாவார் என்று மெஷின் இல்லாமல் பார்த்துச் சொல்லும் கண் பொது வார்ட்டில்தான் வரும். அந்தக் கண்ணோடு ஐ.சி.யூ. போகிறவர் அங்கே வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

ஜூன் 14, சனி

மேலே எழுதியது ஏன் என்பதற்கு டெங்கு சார்ட் ஒன்றே போதும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,101 பேர் நோயாளிகளாகப் பதிவானார்கள்.

50 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குகிறது, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்) ஏறுகிறது, இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே போகும் கசிவுக் கட்டம் தொடங்குகிறது. அது சுமார் 48 மணி. அந்த முழு நேரத்துக்குமான திரவக் கணக்கு: ஒரு நாள் பராமரிப்பு அளவு, முதல் 10 கிலோவுக்கு 1000 மில்லி, அடுத்த 10க்கு 500, மீதி 30க்கு கிலோவுக்கு 20 வீதம் 600. மொத்தம் 2100. உடல் எடையின் 5 வீதம் 2500. கூட்டினால் 4600 மில்லி. சேலைனும் வாயால் குடிப்பதும் சேர்ந்துதான் இந்த 4600. 48 மணிக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்கல்ல. ஒவ்வொரு மணியும் நாடி, பிரஷர், சிறுநீர் பார்த்துக் கூட்டிக் குறைப்பது. சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மில்லி, இவருக்கு 25 முதல் 50. மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டால் அடுத்த மணிவரை காத்திருக்காமல் அந்த நிமிடமே டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

பிழை நடப்பது எங்கே? அநேகமாக கட்டிலுக்குப் பக்கத்து லொக்கரில். பார்க்க வந்த அம்மா ஆசையோடு ஒரு செவ்விளநீர் கொடுத்திருப்பார். அதில் 300, 400 மில்லி இருக்கும். சார்ட்டில் அது ஏறாது. அடுத்து டியூட்டிக்கு வருபவர் திரவம் குறைவு என்று நினைத்து டிரிப்பைக் கூட்டுவார். கசிவு நின்று, வெளியே போன நீர் இரத்தக் குழாய்க்குள் திரும்பும் நேரத்தில் நோயாளிக்கு மூச்சு வாங்கும். இதற்கு மருந்து ஒரு அளவுக் கப். "அம்மா, எது குடுத்தாலும் இந்தக் கப்பிலதான், குடுத்த உடன எங்களிட்டச் சொல்லுங்கோ" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லி, கப்பை லொக்கர் மேல் வைத்துவிட்டு வர வேண்டும்.

இப்படி ஐம்பது சார்ட் எழுதியவருக்கு ஆய்வுக்கான கேள்வி தானாக வரும். எழுதாதவர் மாஸ்டர்ஸில் உட்கார்ந்து கேள்வியைக் கூகுளில் தேடுவார். பட்டம் முடித்த கையோடு மாஸ்டர்ஸ் வேண்டாம், இரண்டு வருடம் வார்ட்டில் நில்லுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஜூன் 19, வியாழன்

ஆய்வுக் கேள்வியைச் சின்னதாக்குவது எப்படி என்று கேட்டிருந்தார்கள். கரையோரத்தில் செருப்பில்லாமல் மணலில் நடக்கும், சர்க்கரை நோயுள்ள மீனவர்களின் கால் புண்ணை எடுத்துக்கொள்வோம். "சர்க்கரை நோயாளர்கள் காலைக் கவனிக்கிறார்களா" என்பது கேள்வியே அல்ல, தலைப்பு. "கால் புண்ணோடு முதல்முறை கிளினிக் வருபவர்களில், புண்ணைக் கண்டு ஒரு வாரத்துக்கு மேல் தாமதித்து வந்தவர்கள் எத்தனை வீதம்?" இது கேள்வி. எண்ணலாம், பதில் வரும்.

அடுத்தது எத்தனை பேர் வேண்டும் என்பது. வீதம் தெரியாதபோது 50 என்று வைத்து, 5 வீதப் பிழை விட்டால் வழமையான சூத்திரம் 384 பேர் கேட்கும். கிளினிக்குக்கு மாதம் 40 பேர் இப்படி வருவதாக வைத்தால் பத்து மாதம் நிற்க வேண்டும். பிழையை 7 வீதமாக்கினால் 196, ஐந்து மாதத்தில் முடியும். இதை முன்மொழிவு எழுதுமுன்னே போட்டுப் பார்க்காமல், தரவு சேர்க்கும் காலம் முடிந்து 120 பேரோடு நிற்பது அடிக்கடி நடக்கிறது.

வினாக்கொத்து இங்கே தமிழிலும் சிங்களத்திலும் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'புண்' என்று எழுதினால் கீறலும் அதற்குள் வரும், ஆறாத குழிப்புண்ணும் வரும். எதைக் கேட்கிறோம் என்பது அப்போதுதான் பிடிபடும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும் வெவ்வேறு. ஒன்று கிடைத்தவுடன் தரவு சேர்க்கத் தொடங்கக் கூடாது.

ஜூன் 25, புதன்

வெளிநாடு. பிரித்தானியாவை மட்டும் எழுதுகிறேன், அதிகம் கேட்கப்படுவது அதுதான்.

அங்கே தாதியாகப் பதிய இரண்டு சோதனை. முதலாவது கணினியில். ஏ பகுதியில் 15 கணக்கு, 30 நிமிடம். பி பகுதியில் 100 கேள்வி, இரண்டரை மணி. கணக்கு வார்ட்டில் தினமும் போடுவதுதான்: 500 மில்லியை 4 மணியில், மில்லிக்கு 20 துளி விழும் டிரிப் செட்டில் விடுவதென்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுக்க 41.67, நிமிடத்துக்கு 42 துளி. பிழை வருவது மணியை நிமிடமாக்க மறக்கும்போதும், மில்லிக்கு 60 துளி விழும் மைக்ரோ செட்டைக் கவனிக்காதபோதும். இரண்டாவது செய்முறைச் சோதனை, அங்கே போய்ப் பத்து நிலையங்களில்.

ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். அகாடமிக் என்றால் மொத்தம் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலச் சோதனையான ஓ.ஈ.டி. என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். தாதியருக்கு ஓ.ஈ.டி. வசதி, ஏனென்றால் எழுதச் சொல்வது பரிந்துரைக் கடிதம், 180 முதல் 200 சொல். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு ஒருவரை மாற்றும்போது எழுதுவதைப் போன்றது. பிள்ளைகள் செய்யும் தவறு, நோயாளியின் குறிப்பு முழுவதையும் அப்படியே கடிதத்துக்குள் இறக்குவது. வாசிப்பவருக்கு இன்று என்ன தேவையோ அது முதல் பந்தியில் இருக்க வேண்டும். பழகுவதற்கு வார்ட்டுக் கதைகளை எழுதலாம். நோயாளியின் பெயரையோ சார்ட்டின் படத்தையோ வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

மொழிச் சோதனையின் பெறுபேறு இரண்டு வருடத்தில் காலாவதியாகும். இறுதியாண்டிலேயே எழுதிவிட்டு, பதிவுக்கும் நியமனத்துக்கும் காத்திருந்து அதை இழப்பது பெரிய நட்டம். சபைப் பதிவு கையில் வந்து, வார்ட்டில் ஒரு வருடம் ஆன பிறகு எழுதுங்கள்.

ஆள் பிடிப்பதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதைப் பிரித்தானியாவின் நடத்தைக் கோவை தடை செய்கிறது. பணம் கேட்டால் எழுந்து வாருங்கள். இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் வேலைக்குப் புறப்படவும் கூடாது. இன்னொன்று: தாதியாகத் தகுதி பெற்றவர் அவசரத்தில் பராமரிப்பாளர் வேலைக்குப் போனால் அந்த வருடங்கள் பதிவுபெற்ற தாதியின் அனுபவமாகச் சேராது. வீட்டில் கடன் இருக்கும்போது இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

சிபாரிசுக் கடிதம் பற்றிக் கொஞ்சம். கேட்கும் அன்றே வேண்டும் என்று நிற்காதீர்கள், குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். வார்ட் சிஸ்டரிடம் போகும்போது உங்களுடைய ஒரு பக்க விபரம், எந்தப் பாடநெறி, கடைசித் தேதி, அவருடைய வார்ட்டில் நீங்கள் எந்த மாதங்களில் நின்றீர்கள் என்ற நான்கும் ஒரே தாளில் இருக்கட்டும். முப்பது மாணவரைப் பார்த்தவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும், மாதம் இராது.

சம்பளத்தோடு கற்கை விடுமுறை எடுப்பவர்கள் பிணை ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் முழுதாக வாசியுங்கள். எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு, பிணை நிற்பவர் யார். அப்பாவோ அண்ணாவோ பிணை நிற்கப் போகிறார் என்றால் அவரும் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும்.