ஜூனில் நெகட்டிவ், செப்டம்பரில் ஒன்பது கோடுகள்

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோயான லைம் நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊர் இங்கேதான் இருக்கிறது. 1975 வாக்கில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்க, இரண்டு தாய்மார்கள் அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டதில்தான் ஆராய்ச்சியே தொடங்கியது. என் மகனுக்கு முழங்கால் வீங்கிய பிறகுதான் இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டேன்.

அவனுக்குப் பதினொரு வயது. ஜூன் மாதம் குளிப்பாட்டித் துண்டால் துடைக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் கசகசா அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. உண்ணி! சாமணத்தால் பிடுங்கி எறிந்தேன். ஐந்தாறு நாளில் லேசாகக் காய்ச்சல். ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். நெகட்டிவ். "லைம் இல்லை" என்றார்கள், நாங்களும் நிம்மதியாகிவிட்டோம். சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, வலது முழங்காலில் சில்லு இருக்கும் இடமே தெரியாத அளவு வீக்கம். அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்ந்தது. ஆனால் பெரிதாக வலிக்கவில்லை என்றான். குழந்தை டாக்டர் மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வெள்ளிக்கிழமை இரவு ரிப்போர்ட் போனுக்கு வந்தது. முதல் வரியில் பாசிட்டிவ், அடுத்து ஐஜிஎம் நெகட்டிவ், அதற்கும் கீழே ஐஜிஜி பாசிட்டிவ். அப்புறம் 18, 23, 28, 30 என்று வரிசையாக எண்கள். திங்கள்கிழமை வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

டாக்டர் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துப் பொறுமையாகச் சொன்னார். முதல் வரி எலைசா என்ற பரிசோதனை. அது சல்லடை மாதிரி, வேறு காரணத்தாலும் பாசிட்டிவ் வரும். அதனால்தான் இரண்டாவதாக வெஸ்டர்ன் பிளாட். அந்த எண்கள் ஒவ்வொன்றும் கிருமியின் ஒரு புரதம். அதை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் இருந்தால் அங்கே ஒரு கோடு விழும். அந்த எதிர்ப்புப் பொருளில் ஐஜிஎம், ஐஜிஜி என்று இரண்டு வகை. ஐஜிஜியில் பத்துக்கு ஐந்து கோடாவது வந்தால்தான் பாசிட்டிவ். என் மகனுக்கு ஒன்பது.

ஐஜிஎம் முதல் சில வாரங்களில் வருவது. அதில் மூன்றுக்கு இரண்டு கோடு போதும், ஆனால் நோய் தொடங்கி ஒரு மாதத்துக்குள் என்றால்தான் அதைக் கணக்கில் எடுப்பார்களாம். மாதக்கணக்கில் ஆனவர்களுக்கு ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் வந்தால் நம்ப மாட்டார்கள். 41 என்ற கோடு கிருமியின் வால் புரதம். வேறு பாக்டீரியாக்களுக்கும் அதே மாதிரி வால் இருப்பதால் நோயே இல்லாதவர்களுக்கும் 41 தெரியும். என் தோழி ஒருத்தி அந்த ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு ஒரு வருடம் பயந்துகொண்டிருந்தாள், பாவம்.

"அப்படியென்றால் ஜூனில் ஏன் வரவில்லை?" என்று கேட்டேன். எதிர்ப்புப் பொருள் உருவாகவே சில வாரமாகும், அன்று உடம்பு அதை உண்டாக்கத் தொடங்கியிருக்காது என்றார். வட்டமாகச் சிவப்புத் தடிப்பு பரவியிருந்தால் பரிசோதனைக்கே காத்திருக்காமல் மருந்து கொடுத்திருப்பார்களாம். இவனுக்கு அது எங்கள் கண்ணில் படவில்லை.

டாக்ஸிசைக்ளின், தினம் இரண்டு வேளை, 28 நாள். மாத்திரையோடு பால், தயிர் வேண்டாம் என்றதால் இரவுத் தயிர்சாதத்தை மாலைக்கு மாற்றினேன். முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுத்து நெகட்டிவ் என்று பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும் என்றேன். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். குணமான பிறகும் அந்தக் கோடுகள் பல வருடம் இருக்குமாம். "ரிப்போர்ட்டைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள்" என்றார்.

சரி என்று தையல் டேப்பை எடுத்தேன். தொடங்கிய அன்று வலது கால் 34 சென்டிமீட்டர், இடது 30. ஞாயிறுதோறும் அளந்து காலண்டரில் குறித்தேன். நவம்பர் கடைசி ஞாயிறு இரண்டும் 30.