ஷூ பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்

உள்பக்கமாகச் சாயும் பாதத்துக்கு ஷூ வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது, அந்த ஷூ வரும் அட்டைப்பெட்டியைப் பற்றித்தான். களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறி திருவனந்தபுரத்துக்குப் போய் வாங்கினேன். பில் போட்டவர், "பஸ்ஸிலல்லே போகுந்நது சேச்சி, பெட்டி வேண்டல்லோ" என்று சொல்லி, பெட்டியைத் தூக்கி மேசைக்கு அடியில் போட்டுவிட்டு ஷூவைத் துணிப்பையில் திணித்துக் கொடுத்தார். அதை மாற்றுவதற்காகத் திரும்பப் போனபோது அதே மனிதர், பெட்டி இல்லாமல் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். பில் இருந்தது. டேக் இருந்தது. வீட்டு மொட்டை மாடியில் மட்டும்தான் ஓடிப் பார்த்திருந்தேன், சோலில் ஒரு பொட்டு மண் கிடையாது. மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார், வெயிட் பண்ணுங்கள் என்றார்கள். அவர் வந்து சொன்னதும் அதே பதில்தான். அன்று பாறசாலை தாண்டும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த ஷூவை ஏன் மாற்ற வேண்டி வந்தது என்று சொல்கிறேன். இதே தவிப்பில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

ஓடி முடித்து வீட்டுக்கு வந்ததும், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, முன்னெலும்பின் உள்பக்கம் தொட்டாலே வலிக்கும். இடது காலில் அதிகம். ஓவர்ப்ரொனேஷனாக, அதாவது பாதம் அளவுக்கு மீறி உள்ளே சாய்வதாக இருக்கும், நல்ல கடையில் பாதத்தை அளந்து, அந்தச் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி ஷூ வாங்கு என்று கூட ஓடுகிறவர்கள் சொன்னார்கள். நாகர்கோவிலில் இந்த வகை குறைவு என்பதால் திருவனந்தபுரம் போனேன்.

அந்தக் கடையில் ஒரு மெஷின். அதன் பலகைமேல் நின்றால் திரையில் பாதம் வண்ணத்தில் தெரியும். என் பாதம் முழுக்கச் சிவப்பு. "ஃபுல் ஃப்ளாட் ஆணு சேச்சி" என்றார் விற்பனைப் பையன், உள்வளைவே இல்லாத தட்டைப் பாதம் என்று, பெரிய வியாதியைச் சொல்வது போன்ற முகத்தோடு. அதற்குள் இன்னொருவர் என் பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்து, குதிகாலின் வெளிப்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது, உங்களுக்கு வெளிப்பக்கச் சாய்வு என்றார். ஒரே கடை, ஒரே பாதம், இரண்டு தீர்ப்பு! கடைசியில் மெஷின் பேச்சுதான் ஜெயித்தது. கையில் வளைக்க முடியாத கனமான ஒரு ஷூவும், அதற்குள் போட உள்வளைவைத் தூக்கிப் பிடிக்கும் கெட்டியான இன்சோல் ஒன்றும் பில்லில் ஏறின.

அதைப் போட்டு ஓடியதில் பழைய வலி போகவில்லை. போதாததற்கு முழங்காலின் வெளிப்பக்கம் புதிதாக ஒரு வலி. உள்வளைவில் கொப்புளம் வேறு.

அப்புறம்தான் மார்த்தாண்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பெண், ஆனால் பொறுமைக்காரி. முதலில் நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தின் உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பில் பேனாவால் புள்ளி வைத்தாள். பக்கத்தில் ஒரு அட்டையை நிறுத்தி, அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கோடு போட்டாள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, இறங்கிய புள்ளிக்கு நேரே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் சாய்வு அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்களாம். வலது கால் அதற்குள்ளேயே இருந்தது. இடது கொஞ்சம் தாண்டியது. பிறகு தெருவில் ஓடவிட்டு, பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டினாள். "அக்கா, பாதம் உள்ளே சாய்றது நோயில்ல. தரையில மிதிக்கிற அதிர்ச்சியத் தாங்கத்தான் அப்படிச் சாயுது. உங்களுக்கு இடதுல கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்."

நின்றுகொண்டிருக்கும் பாதம் ஓடும் பாதத்தைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். தண்ணீரில் கால் நனைத்துத் தரையில் தடம் பார்ப்பதும் அப்படித்தான். சோல் தேய்மானத்தைப் பார்ப்பதாக இருந்தால் குதிகாலைப் பார்க்காதீர்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குதிகாலின் வெளிப்பக்கம்தான் முதலில் தரையைத் தொடுகிறது, அங்கே தேய்வது சகஜம். பார்க்க வேண்டியது முன்பாதம், கட்டைவிரல் பக்கம். என் பழைய ஷூவில் அங்கே தேய்ந்துதான் இருந்தது. கடையில் ஒருவர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

இடது காலில் மட்டும் ஏன் அதிகம் என்பதற்கும் அவளே ஒரு காரணம் சொன்னாள். நான் எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு எப்போதும் ரோட்டின் வலது ஓரமாகவே ஓடுவேன். தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். அதில் மேட்டுப் பக்கம் விழுவது இடது கால், அது இன்னும் உள்ளே சாயும். இப்போது வண்டி வராத ரப்பர் தோட்டத்துப் பாதையில் நடுவிலேயே ஓடுகிறேன்.

கடையில் கொடுத்ததில் என்ன தப்பு என்று கேட்டேன். கெட்டியான ஷூ, அதற்குள் கெட்டியான இன்சோல், இரண்டும் சேர்ந்து பாதத்தை வெளியே தள்ளிவிட்டது, முழங்காலின் வெளிப்பக்க வலி அதனால்தான் இருக்கும் என்றாள். இரண்டில் ஒன்று போதும். தனியாக இன்சோல் போடுவதாக இருந்தால் ஷூவோடு வரும் இன்சோலை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஆராய்ச்சிகளைப் பற்றியும் சொன்னாள். 2014இல் டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, சாய்வைக் கட்டுப்படுத்தாத சாதாரண நியூட்ரல் ஷூ கொடுத்து ஒரு வருடம் பார்த்திருக்கிறார்கள். பாதம் உள்ளே சாய்கிறவர்களுக்குக் காயம் அதிகம் என்று தெரியவில்லை. 2016இல் லக்சம்பர்க்கில் 372 பேரை வைத்து நடந்த ஆய்வில், சாய்வு உள்ளவர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தும் ஷூ போட்டபோது காயம் குறைந்திருக்கிறது. ஆக, சாய்வு இருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம், சப்போர்ட் ஷூவே வீண் என்று ஒதுக்கவும் வேண்டாம். வலி இருந்தால் மிதமான சப்போர்ட்டில் தொடங்கி, காலுக்குச் சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே கெண்டைக்காலுக்கு உடற்பயிற்சி. அதை இன்றுவரை விடாமல் செய்கிறேன்.

இரண்டாவது முறை போனது வேறு கடை. சாயங்காலமாகப் போனேன், பாதம் அப்போதுதான் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையும் எடுத்துக்கொண்டேன். இங்கே தகராறு அகலத்தில் வந்தது. என் முன்பாதம் அகலம், லேடீஸ் ஷூ எதைப் போட்டாலும் சுண்டுவிரல் நசுங்கியது. அகல அளவு ஸ்டாக் இல்லை. ஜென்ட்ஸ் ஷூ எடுத்து வாருங்கள் என்றேன். "அது ஜென்ட்ஸ் ஆணு சேச்சி" என்று தயங்கி நின்றார். ஷூவின் அகலத்தைக் குறிக்கும் எழுத்து பெண்களுக்குச் சாதாரணமாக பி, ஆண்களுக்கு டி, பெண்களுக்கான அகல ஷூவும் டிதான் என்று எடுத்துச் சொல்லி எடுக்க வைத்தேன். போட்டதும் விரல்கள் விரிந்தன! பெண் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறம் பிடிக்காமல் போகலாம், கால் பிழைக்கும். நம்பரை மட்டும் நம்பாதீர்கள். லேடீஸ் 6ம் ஜென்ட்ஸ் 6ம் ஒரே நீளம் என்று சொல்ல முடியாது, யூகே நம்பரும் யூஎஸ் நம்பரும் வேறு. ஷூ நாக்கின் உள்பக்க லேபிளில் சென்டிமீட்டர் போட்டிருக்கும், அதை ஒப்பிடுங்கள்.

இந்தக் கடைக்காரரும் ஷூவின் உள்பக்க நுரையைக் கட்டைவிரலால் அமுக்கி, கெட்டியாக இல்லையே, இதில் சப்போர்ட் இல்லை என்றார். முன்பெல்லாம் ஸ்டெபிலிட்டி ஷூவின் உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கடினமான ஒரு துண்டு இருக்கும். இப்போது பல மாடல்களில் அது இல்லை. ஏசிக்ஸ் காயானோவில் 2023இல் வந்த 30வது பதிப்போடு அதை எடுத்துவிட்டு, அடியை அகலமாக்கி, உள்பக்கம் மெத்தென்ற நுரை வைத்துவிட்டார்கள். ப்ரூக்ஸ் அட்ரினலினில் குதிகாலின் இரண்டு பக்கமும் பாலத்துக் கைப்பிடிச் சுவர் மாதிரி உயர்த்தியிருக்கிறார்கள், கால் தடம் மாறினால்தான் அது தெரியும். அதனால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குதிகால் பகுதி கையில் பிடித்தால் நசுங்காமல் நிற்கிறதா, ஷூவை முறுக்கினால் துணி மாதிரி திருகுகிறதா, வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைகிறதா, இதைப் பாருங்கள். நடுவில் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம்.

மூன்று மாடல்களைப் போட்டு நடைபாதையில் ஓடிப் பார்த்தேன். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டார். காயானோ எனக்குக் கனம், விலையும் அதிகம். அட்ரினலினில் குதிகால் உயரம் ஒத்துவரவில்லை. ஜென்ட்ஸ் ஜிடி-2000தான் காலில் இருப்பதே தெரியாமல் ஓடியது. கால் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருந்தது. குதிகால் லேசாக வழுக்கியது, கடைசி ஓட்டையில் லேஸை வளையமாகக் கோத்து இறுக்கியதும் நின்றுவிட்டது. பில்லை வாங்கினேன். பெட்டியையும் கேட்டு வாங்கினேன்.

முன்னெலும்பு வலி இப்போது இல்லை. தூரத்தை மெதுவாகத்தான் கூட்டுகிறேன்.

நம் பக்கத்து மழைக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பருவமழையிலும் ஷூ நனையத்தான் செய்யும். ரப்பர் ஷீட் காயும் புகைப்புரையில் வை, ஒரே ராத்திரியில் காயும் என்று வீட்டில் சொன்னார்கள். வைக்காதீர்கள், சூட்டில் பசை விடும், நுரை சுருங்கும். இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் வைத்தால் போதும். ஈரமான தாளை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் கடை விஷயத்தை நான் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டு, பில்லின் படத்தையும் கொடுத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.