பாப்பாவின் உச்சந்தலை

போன ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. மாலையில் வேனிலிருந்து இறங்கிய மகள், பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து ஈரத் தலையோடு வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ‘உன் தலையில் அப்பளம் பொரிக்கலாம்’ என்று வேனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு 13 வயது. அன்று காலையில்தான் தலைக்குக் குளித்திருந்தாள்.

எனக்கும் அதே எண்ணெய் சுரக்கும் மண்டைதான். காலையில் குளித்துவிட்டு ஸ்கூட்டரில் கிண்டிக்குப் போய், மாலை ஐந்து மணிக்கு ஹெல்மெட்டை எடுத்தால், வகிட்டின் இரண்டு பக்கமும் முடி படிந்து கிடக்கும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டிய என் படத்தில் நெற்றியோரம் பளபளக்கும். 30 வருடமாக இதோடு வாழ்கிறேன். ஆனால் பாப்பா தாழிட்டுக்கொண்ட அந்த அரை மணி நேரம்தான், இதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என்னை உட்கார வைத்தது.

நான் வளர்ந்தது கடலூரில். ஷாம்புவைச் சின்னஞ்சிறு பைகளில் அடைத்து விற்கலாம் என்று வழிகாட்டிய சின்னி கிருஷ்ணன் எங்கள் ஊர்க்காரர். பெட்டிக்கடை வாசலில் அந்தப் பைகள் சரம் சரமாகத் தொங்கும். ஆனாலும் எங்கள் வீட்டுக்குள் ஷாம்பு வரவே இல்லை. ‘முடி கொட்டிவிடும்’ என்பது அம்மாவின் தீர்ப்பு. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயும் சீயக்காயும். மற்ற ஆறு நாளும் காலையில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய். பள்ளியிலும் அதேதான் சட்டம்: எண்ணெய் வைத்து, படிய வாரி, இரட்டைச் சடை. என் மகளின் பள்ளியிலும் இன்றுவரை அதுவே நடக்கிறது.

இந்த முரணை யோசித்துப் பாருங்கள். சீசாவிலிருந்து ஊற்றும் எண்ணெய் லட்சணம். தலை தானாகச் சுரக்கும் எண்ணெய் அசிங்கம். எண்ணெய் வைக்காமல் போனால் ஆசிரியை கண்டிக்கிறார், எண்ணெய் வழிந்தால் வேனில் சிரிக்கிறார்கள். ஒரே தலைக்கு இரண்டு தண்டனை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் மகளிடமே பேசினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. ஒவ்வொரு முடியின் வேரோடும் ஒட்டியபடி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவம் எய்தும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அந்தச் சுரப்பிகளை முடுக்கிவிடுகின்றன. அழுக்குக்கும் சோம்பலுக்கும் இதில் இடமே இல்லை. ‘அடிக்கடி கழுவினால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும்’ என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். அதுவும் சரியில்லை என்றார். சுரப்பி இயங்குவது உள்ளேயிருந்து வரும் ஹார்மோனின் கட்டளைப்படி. மேலே நாம் கழுவினோமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

பொடுகையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். மலாசீசியா என்ற பூஞ்சை எல்லோருடைய தலையிலும் குடியிருக்கிறது. அதற்கு உணவே இந்த எண்ணெய்தான். அது எண்ணெயைச் சிதைக்கும்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. அரிப்பு, செதில் எல்லாம் அதனால்தான். பொடுகைக் கண்டதும் ‘தலை காய்ந்துவிட்டது’ என்று மேலும் எண்ணெய் தடவிய நாட்களை நினைத்துப் பார்த்தேன். பாப்பாவுக்கு, அந்தப் பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக்கொடுத்தார்: வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் தலையிலேயே விட்டு அலச வேண்டும், நான்கு வாரம். இரண்டாவது வாரமே அரிப்பு அடங்கியது.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இது. பாப்பா ஒன்றுவிட்டு ஒரு நாள் தலைக்குக் குளிக்கிறாள், நான் வாரத்துக்கு மூன்று நாள். முதலில் வெறும் தண்ணீரில் ஒரு நிமிடமாவது மண்டை நன்றாக நனைய வேண்டும். அவசரத்தில் நான் எப்போதும் விட்டுவிட்ட படி இதுதான். மேல்முடி மட்டும் நனைந்து, அடியில் காய்ந்தே கிடக்கும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு ஷாம்புவைக் குவளைத் தண்ணீரில் கலக்கி, வகிடு வகிடாகப் பிரித்து மண்டையில் மட்டும் விட்டு, விரல் நுனியால் தேய்க்கிறோம். நகம் படக்கூடாது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மறக்கக்கூடாது. முடியின் நீளத்துக்கு, வழிந்தோடும் நுரையே போதும். முதல் தடவை நுரை வராவிட்டால் மட்டும் இரண்டாம் தடவை. கண்டிஷனர் வேண்டுமென்றால் காதுக்குக் கீழே.

எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். கடலூரிலும் இதே உப்புத் தண்ணீர்தான். அங்கே சீயக்காய் தீர்ந்துபோன வாரங்களில் குளியல் சோப்பையே தலைக்கும் போடுவோம்; அன்று முடி மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். அதையும் தலை எண்ணெய் என்றே நினைத்திருந்தேன். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் பிசுக்கு அது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. சீயக்காயை நான் கைவிடவில்லை. ஆனால் மெல்லிய துணியில் சலித்து, கஞ்சிக்குப் பதில் வெறும் வெந்நீரில் கரைக்கிறேன். சலிக்காத பொடி மண்டையில் தங்கினால் அதுவே அரிக்கும்.

எலுமிச்சைச் சாற்றை நேராகத் தலையில் தேய்த்து ஒருமுறை எரிச்சலில் துடித்திருக்கிறேன். சமையல் சோடாவும் வேண்டாம். அத்தை அரைத்துக் கொடுக்கும் வெந்தய விழுது முடி நுனிக்கு அருமையானது, ஆனால் மண்டையிலிருந்து அதை அலசி எடுப்பது பெரும்பாடு.

சின்ன விஷயங்கள் பெரிய உதவி செய்தன. சீப்பை வாராவாரம் ஷாம்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கிறேன். முதல் முறை அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தபோது இத்தனை நாள் கழுவிய தலையில் இதைத்தான் திரும்பப் பூசினோமா என்றிருந்தது. தலையணை உறையை வாரம் இரண்டு முறை மாற்றுகிறோம். ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணி. ஈரத்தோடு சடை பின்னுவதில்லை. அதற்காகவே பாப்பா முதல் நாள் மாலையில் குளித்துக் காய வைக்கிறாள். விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் வியர்வைக்கு வெறும் தண்ணீரே போதும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒன்று. எண்ணெய் திடீரென்று கூடி, கூடவே மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போவது, முகத்தில் கனத்த முடி வளர்வது, பரு அடங்காமல் இருப்பது என்று சேர்ந்து வந்தால், ஷாம்புவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். அதேபோல், குளிக்கும்போது உதிரும் முடியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. மூன்று நாள் கழுவாமல் இருந்தால் மொத்தமும் அன்று கையோடு வரும். அம்மா ஷாம்புவின் மேல் சுமத்திய பழி அப்படி வந்ததுதான்.

பள்ளியில் வகுப்பு ஆசிரியையிடம் மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டினேன். எண்ணெய் வைக்காமல் வர அனுமதித்தார். அம்மாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. பேத்தியின் தலையில் எண்ணெய் தேய்ப்பது அவருக்கு அன்பு காட்டும் வழி. எடுத்த எடுப்பில் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. மண்டைக்குத் தேவையில்லையே தவிர, நீண்ட முடியின் நுனிக்கு அது நல்லதுதான். அதையே சொன்னேன். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழே மட்டும்.

ஆடிக்கு வந்திருந்தார். கூடத்தில் மனைப்பலகை போட்டு, கிண்ணத்தில் எண்ணெயோடு உட்கார்ந்தார்.

“எங்கிருந்து தடவட்டும், பாப்பா?”

அவள் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையைக் கொண்டுபோய், காதுமடலுக்குக் கீழே விரலை வைத்தாள். “இங்கிருந்து, ஆயா.”

அம்மா அந்த விரல் காட்டிய இடத்தில் முடியை ஒரு நாடாவால் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டார். பிறகு அதற்குக் கீழே, ஒவ்வொரு கற்றையாக எடுத்து, நுனிவரை உருவிவிட ஆரம்பித்தார்.