வண்டியில் இருந்த கற்கள்

தென் துருவத்தை முதலில் தொட்டது யார் என்றால் பள்ளிப் பிள்ளைகள்கூட அமுண்ட்சென் என்று சொல்லிவிடுவார்கள். 1911 டிசம்பர் 14. ஐந்து வாரம் பிந்திப் போய்ச் சேர்ந்த ஸ்காட் குழுவில் ஐந்து பேருமே திரும்பும் வழியில் இறந்துபோனார்கள். அந்தப் போட்டியில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. என் மனதை விட்டுப் போகாதது அவர்கள் வண்டியில் இருந்த கற்கள்தான்.

1912 பிப்ரவரி 8. பியர்ட்மோர் பனியாற்றில் இறங்கி வருகிறார்கள். எட்கர் எவன்ஸ் தள்ளாடுகிறார், சாப்பாடு பற்றாக்குறை, வண்டியை இழுக்க நாய்கூட இல்லை, உடம்பில் வாரைக் கட்டிக்கொண்டு மனிதர்களே இழுக்க வேண்டும். அந்த நிலைமையில் பாறையைப் பார்த்ததும் நின்று, இலைத் தடம் பதிந்த கற்களைத் தேடிப் பொறுக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்! நவம்பரில் தேடிப் போனவர்கள் கூடாரத்தில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரின் உடல்களைக் கண்டபோது அந்தக் கற்களும் அங்கேயே இருந்தன. சுமார் 16 கிலோ. வழியில் வீசியிருந்தால் பிழைத்திருப்பார்களோ என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, பசியும் குளிரும்தான் அவர்களைக் கொன்றன.

கல்லில் இருந்தது குளோசோப்டெரிஸ் என்ற மரத்தின் இலை. வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையிலும் அதே இலை கிடைக்கிறது. அந்தப் பனிப்பாலை ஒரு காலத்தில் காடாக இருந்தது, இந்தியாவோடு ஒட்டியும் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் என்ற விஞ்ஞானி ஜெர்மனியில் முதன்முதலாகப் பேசியதும் அதே 1912 ஜனவரியில்தான். அவரும் 1930இல், பனிநடுவே தங்கியிருந்த சக ஆய்வாளர்களுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கிரீன்லாந்தில் இறந்தார்.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "திரைகடல் ஓடினா திரவியம் கிடைக்கணும்ப்பா, ஐஸ்ல என்ன கிடைச்சிச்சு?" என்றார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வேலைக்கு வந்தவர், அதனால் கேள்வி நியாயமானதுதான். பனி உருகினால் நம் தீவுக்கும் ஆபத்து, சிங்கப்பூர் 2013 முதல் வடதுருவப் பகுதி நாடுகளின் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் நாடு என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், அவ்வளவுதான். அப்புறம், சாகப்போகிற நேரத்திலும் அந்த மனிதர்களுக்கு ஒரு இலையைக் கீழே போட மனம் வரவில்லையே மாமா, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்தக் கல்லு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் என்றேன்.