மூட்டு வாதமும் குழந்தைப் பேறும்: கூடலூர் நாட்குறிப்பு

நவம்பர் 18, 2024

கார்த்திகை பிறந்துவிட்டது. குமுளி முழுக்க ஐயப்ப பக்தர்கள். கடையில் ஏலக்காய்ப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தால், மூட்டுகளை வீங்கி இறுகவைக்கும் முடக்குவாதத்தால் காலை பத்து மணி வரை விரல் மடங்குவதில்லை. அது பழகிய வலி. இரவு அம்மா சொன்னதுதான் தாங்கவில்லை: "தம்பி, அவளைக் கம்பம் ஊரில் டாக்டர் யாரிடமாவது காட்டு." அடுப்படியில் என் மனைவி காதிலும் விழுந்திருக்கும். முதலில் எனக்குப் பார்க்கட்டும் என்றேன். குழந்தை இல்லையென்றால் பெண்ணைத்தான் முதலில் சோதிக்க வேண்டுமா? விந்துப் பரிசோதனை எளிது, வலியும் இல்லை.

நவம்பர் 26

விந்தணு எண்ணிக்கை குறைவு, அசைவும் குறைவு. மூட்டு டாக்டரிடம் இருவருமாகப் போனோம். வாதத்துக்கு நான் எடுத்துவந்த சல்ஃபாசலசின் மாத்திரையை மருந்துச் சீட்டிலிருந்து உடனே அடித்து நீக்கிவிட்டார். அது விந்தணுவைக் குறைக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் மீண்டுவிடும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால்தான் இந்தக் காத்திருப்பு.

வாதத்துக்கான இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் தொடர்கிறது. தகப்பனாக விரும்புகிறவர் மூன்று மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று மருந்துத் தாளில் படித்திருந்தேன், கேட்டேன். ஆண்கள் தொடரலாம் என்று அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதாக விளக்கினார். கடுமையான வாத நோய்களுக்குத் தரும் சைக்ளோபாஸ்பமைடு அப்படியல்ல, பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகலாம், அதனால் அதைத் தொடங்குமுன் விந்தை உறையவைத்துச் சேமிப்பது நல்லது. தானாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மாத்திரை எழுதும் நாளிலேயே டாக்டர்கள் ஒவ்வோர் ஆணிடமும் இதைப் பேசியாக வேண்டும்.

டிசம்பர் 9

நான் கேட்கத் தயங்கியதை இன்று அவளே டாக்டரிடம் கேட்டாள்: "இவர் விலகிப் படுப்பதும் இந்த நோயாலா?" ஆம் என்றார். வலி, அசதி, மனச்சோர்வு எல்லாம் ஆசையைத் தின்றுவிடுமாம். அழற்சி நீடித்தால் ரத்தக் குழாய்களும் கெடும். விறைப்புக் குறைவு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் பார்க்கச் சொன்னார். விறைப்புக்கு சில்டெனாஃபில் போன்ற மாத்திரை உண்டு. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் அதைத் தொடவே கூடாது.

மூட்டு இறுகிக் கிடக்கும் விடியற்காலை எங்களுக்கு ஒத்துவரவில்லை. வெந்நீரில் குளித்து, வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய முன்னிரவு நேரம் நன்றாக இருக்கிறது. முழங்காலுக்கு அடியில் தலையணை. இதையெல்லாம் வெட்கமின்றிப் பேசிக்கொள்ளும் மனைவி வாய்த்தது என் பேறு.

ஜனவரி 15, 2025

லோயர் கேம்ப்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாள் பொங்கல். தோட்டத்து ஜீப் ஓட்டும் தம்பி தனியாக அழைத்துப் போய், பஸ் நிலையச் சுவரொட்டியைப் பார்த்து வாங்கிய சூரணத்தைக் காட்டினான். அவனுக்கும் முதுகெலும்பு வாதம். எனக்குக் கோபம் பொங்கியது. இத்தகைய பொடிகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்ட கதைகள் உண்டு. கலியாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம், பயத்தில் வாங்கியிருக்கிறான். என் டாக்டரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 27

எண்ணிக்கை ஏறியிருக்கிறது, இயல்பளவுக்குள் வந்துவிட்டது. சல்ஃபாசலசினுக்குப் பதில் தந்த மருந்தில் விரல் வீக்கமும் அடங்கியிருக்கிறது. அம்மாவிடம் அறிக்கைகள் இரண்டையும் படித்துக் காட்டினேன், மருந்தின் பெயரோடு. மருமகளைப் பற்றி ஊரில் இனி யார் கேட்டாலும் தானே பதில் சொல்வதாகச் சொன்னார். வியாழக்கிழமை ஜீப் தம்பிக்கு டாக்டரிடம் முறை வாங்கியிருக்கிறேன்.