எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

ஃபிலிம் சொசைட்டிகளில் படம் திரையிட்டு, முடிந்ததும் பார்வையாளர்களைப் பேச வைக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ‘ஹைலேண்டர்’ (1986) ஒரு சோதனை. சாகாத மனிதர்கள் சிலர் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவர் தலையை ஒருவர் வெட்டிக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் மிஞ்சும் ஒருவனுக்குப் பரிசு. படம் முடிந்ததும் பாதிப் பேர் கண் கலங்கி உட்கார்ந்திருப்பார்கள், மீதிப் பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தப் படத்தை வைத்து நடக்கும் சண்டையில் கணிசமான பங்கு ரசனையால் வருவதில்லை. ஒரே பெயரில் வெவ்வேறு படங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், அதுதான் காரணம்.

அமெரிக்காவில் 1986 மார்ச்சில் வெளியான பிரதி சுமார் 110 நிமிடம். ஐரோப்பாவில் ஓடியது 116. ஆறு நிமிடத்தில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அமெரிக்கப் பிரதியில் வெட்டப்பட்டவற்றில் ஒன்று இரண்டாம் உலகப்போர்க் காட்சி. நாஜி சிப்பாயிடமிருந்து ஒரு சிறுமியைக் கதாநாயகன் கானர் மக்லவுட் காப்பாற்றுகிறான். குண்டு பாய்ந்து விழுந்தவன் எழுந்து உட்காருகிறான். மிரண்டு பார்க்கும் குழந்தையிடம் இது ஒரு மாதிரி மாயம் என்று சொல்கிறான். அந்தச் சிறுமிதான் நியூயார்க்கில் அவனுடன் இருக்கும் ரேச்சல். இப்போது அவனைவிட வயதில் மூத்தவளாகத் தெரிகிறாள்.

காட்சியைப் பார்த்தவருக்கு ரேச்சல் வளர்ப்பு மகள். பார்க்காதவருக்கு அவள் கடையைக் கவனித்துக்கொள்ளும் செக்ரட்டரி, அவ்வளவுதான். பின்னால் இருவரும் விடைபெறும்போது கானர் அதே வரியைத் திரும்பச் சொல்கிறான். முழுப் பிரதி பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது. மற்றவர்களுக்கு, படத்துக்குப் பாட்டுப் போட்ட குவீன் ராக் குழுவின் பாட்டுத் தலைப்பை ஹீரோ வசனமாகச் சொல்லி விளம்பரம் செய்வது போல இருக்கும். ‘கதாநாயகனுக்கு உணர்ச்சியே இல்லை’ என்று யாராவது புகார் சொன்னால், வாதத்தை ஆரம்பிக்கும் முன் அவர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: டிவிடி உறையில் உள்ள நிமிடக் கணக்கை நம்ப முடியாது. ஐரோப்பாவுக்கான ‘பால்’ (PAL) எனும் வீடியோ முறை டிவிடிகளில் நொடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 25 ஆக்கி ஓட்டுவார்கள். அப்போது 116 நிமிடப் படம் 111 நிமிடத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். உறையைப் பார்த்தவர் அமெரிக்கப் பிரதி என்று ஒதுக்கிவைப்பார், உள்ளே இருப்பதோ முழுப் படம். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் பாடல்களும் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறி ஒலிக்கும். பாட்டு ஏதோ அவசரமாக இருக்கிறதே என்று காது நல்லவர்கள் கேட்பது இதனால்தான். நம்பகமான சோதனை ஒன்றே ஒன்று: டிஸ்க்கைப் போட்டு நாஜி சிப்பாய் இருக்கிறானா என்று பாருங்கள். ஆரம்ப மல்யுத்தக் காட்சியிலும் தெரிந்துவிடும். முழுப் பிரதியில் மல்யுத்தத்துக்கு நடுவே ஸ்காட்லாந்துப் போர்க்களம் வெட்டி வெட்டி வரும், குறைந்த பிரதியில் வராது. 2016இல் ஸ்டுடியோகனால் (StudioCanal) நிறுவனம் புதுப்பித்த 4கே பிரதி கிடைத்தால் அதையே போடலாம்.

ஒலியளவை வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டைட்டிலில் குவீன் அலறும் இடத்தை வைத்து வால்யூமை அமைத்தால் பிறகு வசனம் காதில் விழாது. சாகாதவர்களில் மூத்தவனான ராமிரெஸ் கானருக்கு வாள் பயிற்சி கொடுக்கும் காட்சிக்குப் போய், பேச்சு பின்வரிசையில் தெளிவாகக் கேட்கும்படி வைத்துவிட்டு, டைட்டில் சத்தத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆரம்பத்தில், ராமிரெஸாக நடித்த ஷான் கானரியின் வாய்ஸ் ஓவர் எதிரொலியோடு வரும்போது ஸ்பீக்கர் கோளாறு என்று யாராவது ஆபரேட்டரைத் திட்டுவார்கள். கோளாறு இல்லை. ஸ்பெயினில் இருந்த தன் வீட்டுக் குளியலறையில் வைத்துக் கானரி பதிவு செய்த குரல் அது.

பிரதிப் பிரச்சினை தீர்ந்த பிறகும் மிஞ்சும் கருத்து வேறுபாடுதான் பேசத் தகுந்தது. முதலில் வருவது உச்சரிப்பு. ஸ்காட்லாந்துக்காரனாகப் பிரெஞ்சு நடிகர் கிறிஸ்டஃபர் லாம்பர்ட். எகிப்தில் பிறந்து ஸ்பெயின் பெயர் வைத்துக்கொண்ட ராமிரெஸாக, அசல் ஸ்காட்லாந்துக்காரரான கானரி, தன் ஊர் உச்சரிப்பை ஒரு இழை கூட மாற்றாமல். சிரிப்பு வருவது நியாயம். ஆனால் லாம்பர்ட் விஷயத்தில் தீர்ப்பைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். 1980களின் நியூயார்க்கில் எந்த ஊர் என்று சொல்ல முடியாத அந்தப் பேச்சு, நானூறு வருடம் ஊர் ஊராகத் திரிந்தவனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. எந்த ஊர் என்று கேட்டால் பல ஊர் என்றுதான் அவனும் பதில் சொல்கிறான். 1536இல், சொந்தக் கிராமத்தில், சொந்தக்காரர்கள் நடுவே அதே பேச்சு எடுபடவில்லை.

வாளைப் பற்றிய புகாரும் தவறாமல் வரும். ராமிரெஸின் ஜப்பானிய வாள் கி.மு. 593இல் மசமுனே செய்தது என்கிறது படம். வரலாற்று மசமுனே 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். தவறு தவறுதான், முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டுவிட்டு வாள்சண்டைக்குப் போகலாம். பயிற்சியாளர் பாப் ஆண்டர்சன், ஒலிம்பிக்கில் வாள்வீசியவர். லாம்பர்டுக்கோ கடுமையான கிட்டப்பார்வை, சண்டையின்போது கண்ணாடியும் போட முடியாது. எதிரி அசையும் கணக்கை மனப்பாடம் செய்துதான் வீசியாக வேண்டும். வாள்கள் மோதும்போது தெறிக்கும் தீப்பொறிக்குக் கார் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்திருந்தார்கள். சில வீச்சுகள் தயங்கித் தெரிவதற்கு இப்படி உடம்பு சார்ந்த காரணங்கள் உண்டு. கார் நிறுத்துமிடத்து முதல் சண்டையில் எதிரி பல்டி மேல் பல்டி அடித்துப் போவதற்கு மட்டும் எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

இயக்குநர் ரஸ்ஸல் மல்கஹி மியூசிக் வீடியோக்களிலிருந்து வந்தவர். ‘வெறும் பளபளப்பு’ என்ற குற்றச்சாட்டு அப்போதே வந்தது, இப்போதும் வருகிறது. அதற்குப் பதில் சொல்வதைவிட இரண்டு இடங்களைத் திரும்பப் போட்டுக் காட்டுவது பலன் தரும். ஒன்று, கார் நிறுத்துமிடத்தில் கேமரா மேலே ஏறிக் கூரையைத் தாண்டும்போது ஸ்காட்லாந்துக் கிராமம் வந்து நிற்பது. மற்றொன்று, கானர் வீட்டு மீன்தொட்டிக்குள் புகுந்து மேலே எழும் கேமரா, ராமிரெஸும் கானரும் படகில் இருக்கும் ஏரிப் பரப்பில் வெளிவருவது. வழக்கமான ஃப்ளாஷ்பேக்கில் ஒருவன் நினைத்துப் பார்க்கிறான், காட்சி மங்குகிறது. இங்கே மங்கல் கிடையாது. நானூறு வருடத்துக்கு முந்தைய காலம் கூரைக்கு மேலேயே, தண்ணீருக்கு மேலேயே இருக்கிறது. சாகாதவனுக்குப் பழையது என்று தனியாக எதுவும் இல்லை என்பதை வசனமில்லாமல் சொல்லும் படத்தொகுப்பு இது. இதைப் பளபளப்பு என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கானரின் மனைவி ஹெதர் மூப்படையும் பகுதிதான் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் உண்மையான கோடு. அவளுக்கு நரைக்கிறது, தள்ளாடுகிறாள், இவன் அப்படியே இருக்கிறான். பின்னணியில் குவீன் குழுவின் பிரையன் மே எழுதிய பாட்டு. ஒரே பாட்டில் வருடங்கள் உருண்டோடுவதைப் பார்த்துப் பழகிய தமிழ்ப் பார்வையாளருக்கு இதில் இடறல் இல்லை. ‘கதை நின்றுவிட்டது’ என்பவர்களிடம் அடுத்த கண்ணியைக் காட்ட வேண்டும். ஹெதர் சாகும்போது, தன் பிறந்தநாளில் வருடாவருடம் மெழுகுவத்தி ஏற்றச் சொல்கிறாள். அதற்காகத்தான் கானர் நியூயார்க் தேவாலயத்துக்குப் போகிறான், அங்கேதான் வில்லன் குர்கன் வந்து உட்காருகிறான். புனித மண்ணில் சண்டை கூடாது என்பது விதி, வாளை எடுக்க முடியாது. பேச்சுவாக்கில், தான் அன்று பலாத்காரம் செய்தது கானரின் மனைவியை என்று குர்கனுக்குப் புரிகிறது. படத்தின் மிகக் கொடூரமான நிமிடத்தில் வாள் கிடையாது. குர்கனாக நடித்த கிளான்சி பிரவுன் இந்தக் காட்சியில் செய்வதைப் பார்த்த பிறகு, வில்லன் மிகை என்று சொன்னவர்களில் சிலர் குரலைத் தணிப்பார்கள். அப்படியும் சிலர், ஒரு பெண்ணின் துயரத்தை ஆண்களின் பகைக்கு விறகாக்கிவிட்டது படம் என்பார்கள். அந்த விமர்சனத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

கிளைமாக்ஸை யாரும் பெரிதாகக் காப்பாற்ற வருவதில்லை. கையால் வரைந்த ஆவிகள் சுற்றிச் சுழல்வது இன்று கார்ட்டூனாகவே தெரிகிறது. நியூயார்க்கில் கானருக்குப் பிரெண்டாவுடன் வரும் காதலும் மெலிவு. பரிசு என்பது கடைசியில் மூப்பும் சாவும் பிள்ளைப்பேறும்தான் என்று தெரியும்போது, அசுவத்தாமன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அதைப் படம் அவசர அவசரமாகச் சொல்லி முடிக்கிறது.

1992 முதல் 1998 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரை முதலில் பார்த்துவிட்டு வருபவர்கள் தனி ரகம். அவர்களுக்குத் தொடரின் நாயகன் டங்கன்தான் மக்லவுட். படத்தில் ஆட்டம் முடிந்துவிட்டதென்றால் தொடரில் இத்தனை பேர் எப்படி என்று கேட்பார்கள். பரிசு இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடர் நகர்கிறது. இந்த விளக்கத்தை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட வேண்டும், விட்டால் மாலை முழுக்க அதிலேயே போகும். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தை அதே நாளில் சேர்த்துப் போடுவது தற்கொலை. அர்ஜென்டினாவில் படப்பிடிப்பு, எகிறிய பணவீக்கம், படத்தின் பிடி இயக்குநர் கையை விட்டுப் போனது, சாகாதவர்களை வேற்றுக்கிரகவாசிகள் ஆக்கியது, 1995இல் அந்தக் கிரகத்தையே நீக்கி மறுபடி வெட்டியது என்று அதற்கே தனிப் பஞ்சாயத்து இருக்கிறது. முதல் படத்தை இரண்டு பிரதியிலும் பார்த்தவர்களை மட்டும் கூப்பிட்டு, வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.